நிப்பும் நாக்கட்டையும்: சாத்தூர் முதல் ராஜமுந்திரி வரை

மே 15, திங்கள் – சாத்தூர்

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. கத்திரி நடக்கும் நாளில் சாத்தூரில் இறங்கினால் ரயில் நிலைய வாசலிலேயே வெள்ளரிப்பிஞ்சு காத்திருக்கிறது. ஒரு கட்டு இருபது ரூபாய். கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கையில் தருகிறார்கள். வெள்ளரிக்கும் காராச்சேவுக்கும் பேர்போன இந்த ஊருக்கு மூன்றாவதாகவும் ஒரு பேர் உண்டு: நிப். மைப்பேனாவில் எழுதிய தலைமுறைக்கு சாத்தூர் நிப் தெரியும். பால்பாயின்ட் வந்த பிறகு இந்தத் தொழில் சுருங்கிக்கொண்டே வந்தது.

நல்ல பேனாக்களைத் தேடிப் போகிறவர்கள் இங்கிருந்து கிளம்புவது நல்லது. பேனாவில் தாளைத் தொடுவது நிப் ஒன்றுதான். அது எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டால், எந்தக் கடையில் எந்த விலைப் பேனாவை எடுத்தாலும் கண் முதலில் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

விசாரித்துக்கொண்டே போன தெருவில் திண்ணையில் சாய்ந்திருந்த பெரியவர், "நிப்பா? அதெல்லாம் ஓஞ்சு போச்சே தம்பி" என்றார். சொன்ன கையோடு உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். பழைய செய்தித்தாளை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினார்: வெறும் தகடு, துளை போட்டது, பெயர் பொறித்தது, வளைத்தது, பிளந்தது, மெருகேற்றியது.

எஃகுத் தகட்டை அச்சில் வைத்து இலை வடிவில் வெட்டுவது முதல் வேலை. அச்சு மழுங்கியிருந்தால் ஓரத்தில் பிசிறு நிற்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அடுத்தது துளை. பிளவு அந்தத் துளையில் போய் முடிவதால்தான் நிப்பை அழுத்தும்போது தகடு மேற்கொண்டு கிழிவதில்லை. பிறகு இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து வளைக்கிறார்கள். பெரியவர் அதிக நேரம் பேசியது இந்த இடத்தைப் பற்றித்தான். இரண்டு தோளிலும் வளைவு ஒன்றுபோல் இல்லாவிட்டால் நிப், அதற்கு அடியிலிருந்து மையைக் கொண்டுவரும் நாக்கட்டை மேல் படியாது, ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்தச் சந்தில் மை தேங்கி நிற்கும், நுனிக்கு வராது. "நாக்கட்டைய மாத்தி மாத்திப் போடுவாக. கோளாறு வளைவுல இருக்கும்" என்றார்.

நுனியில் இருக்கும் கடின உலோக மணி தனிக் கதை. எஃகும் தங்கமும் தாளில் உரசித் தேய்ந்துவிடும் என்பதால் ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவையில் ஒரு சின்ன மணியைப் பற்றவைப்பது வழக்கம். மலிவு நிப்களில் மணி இருக்காது. தகட்டின் நுனியையே மடக்கி உருட்டியிருப்பார்கள். பூதக்கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால் மடிப்பு தெரியும். புதிதில் நன்றாகத்தான் எழுதும், ஆனால் சீக்கிரமே பட்டையடிக்கத் தொடங்கும்.

கடைசியாகப் பிளவு. நிப்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் துளைக்குப் பக்கத்தில் மெல்லிய ஒளிக்கோடு தெரிய வேண்டும். நுனியை நெருங்க நெருங்க அது ஒடுங்கி, மணியில் மறைய வேண்டும். நுனி வரை வெளிச்சம் ஒரே அகலத்தில் தெரிந்தால் மை வராமல் அடிக்கடி விட்டு விட்டு எழுதும். தந்துகி விசை மையை இழுப்பது ஒடுங்கும் பக்கம்தான். வெளிச்சமே இல்லையென்றால் கஞ்சத்தனமாக எழுதும். நுனியில் விரிந்து துளையில் ஒடுங்கிய நிப்பை வாங்கவே கூடாது.

டப்பாவிலிருந்து நாலைந்து நிப்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காசு நீட்டியதற்கு, "இத தேடி வந்துருக்கீக, அதுக்குக் காசா?" என்று கையை ஒதுக்கினார். உள்ளே இருந்து சொம்பில் தண்ணீர் வந்தது.

பஸ் நிலையப் பக்கம் காராச்சேவு கால் கிலோ எண்பது ரூபாய். சேவு சாப்பிட்ட கையோடு பேனாவைச் சோதிக்காதீர்கள். கைபட்ட இடத்தில் தாள் எண்ணெயைக் குடித்துவிடும், மை அதன்மேல் ஒட்டாது. பேனா விட்டு எழுதுகிறது என்ற புகார்களில் கணிசமானவை தாளின் கீழ்ப்பாதியில்தான் வருகின்றன. எழுதும்போது உள்ளங்கை கிடக்கும் இடம் அது. வேர்வைக்கும் இதே பலன்தான். கைக்கு அடியில் இன்னொரு தாளை வைத்துக்கொண்டால் போதும்.

மே 16, செவ்வாய் – சென்னை, பாரிமுனை

சாத்தூரில் சுட்ட வெயில் இங்கே பிசுபிசுக்கிறது. பாரிமுனையில் நடைபாதை என்று ஒன்று இருந்தாலும் அதில் நடக்க இடமில்லை. மூட்டை சுமப்பவர்கள் "வழி, வழி" என்று குரல் கொடுத்தபடி வருகிறார்கள்; ஒதுங்கினால் ஒரு தலையசைப்பு கிடைக்கிறது. உயர் நீதிமன்றம் எதிரிலேயே இருப்பதால் இந்தத் தெருக்களில் பேனாவுக்கு எப்போதும் ஆள் உண்டு. காமா என்ற பெயரில், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான எபொனைட்டில் கைக்கடைசல் பேனாக்களைத் தரும் ஜெம் அண்ட் கோ இருப்பதும் பாரிமுனையில்தான்.

பேனாக் கடையில் செலவிடும் முதல் ஐந்து நிமிடம் மைக்கானதல்ல, கைக்கானது. மூடியைக் கழற்றி, எழுதுவதுபோல் பிடித்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விரல்கள் நிப்புக்குப் பின்னால் உள்ள கழுத்தில் உட்காருகின்றனவா, மூடி திருகும் மரையில் உட்காருகின்றனவா? மரையில் என்றால் அரைமணி நேரத்தில் விரல் சிவந்துவிடும். கழுத்தின் விட்டம் 10 முதல் 12 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். நிறைய எழுதுகிறவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் 12-ஐ ஒட்டியது நல்லது, மெல்லிய கழுத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். மூடியைப் பின்னால் மாட்டி எழுதும் பழக்கம் இருந்தால் மாட்டியே பாருங்கள். எபொனைட் எடை குறைந்த பொருள்தான். ஆனாலும் பெரிய பேனாக்களில் மூடி பின்னால் ஏறியதும் பாரம் அங்கே போய், நிப் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது எழுதிப் பார்ப்பது. கடையில் பெரும்பாலும் மைப்புட்டியில் முக்கித் தருவார்கள். முக்கி எழுதுவதில் நிப்பின் வழவழப்பை மட்டும் அறியலாம். மை வரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நாக்கட்டை வேலையே செய்யவில்லை, மேலே ஒட்டியிருக்கும் மையில்தான் பேனா ஓடுகிறது. "ஊத்தித் தர்றீங்களா, அண்ணா?" என்று பணிவாகக் கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். நிரப்பி, ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்க்க வேண்டும். கோளாறுள்ள பேனா முதல் பத்து வரியில் காட்டிக்கொடுக்காது.

என்ன எழுதுவது? பலரும் எட்டு எட்டாகச் சுழிக்கிறார்கள், அல்லது ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். தமிழில் எழுதப் போகிற பேனாவுக்கு அது போதாது. தமிழ் எழுத்துகளில் கோடு கீழே இறங்கும் அளவுக்கு மேலேயும் ஏறுகிறது. நிப்பைத் தள்ளி எழுதும் இடங்கள் அதிகம். சீரில்லாத நிப் கீறுவது அந்த ஏற்றங்களில்தான். ஞ, ணு, கூ, ழு, ஐ இந்த ஐந்தையும் தலா ஒரு வரி எழுதினால் எல்லாத் திசையும் வந்துவிடும். ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொண்டால் நிப் உங்கள் எழுத்தளவுக்குப் பட்டை, சன்னமானது கேளுங்கள். பிறகு புள்ளி. 'க்ச்ட்த்ப்ற்' என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு புள்ளியும் நிப் தாளை விட்டு எழும்பி மறுபடி தொடும் தருணம். புள்ளிகள் விழாமல் போனால் பிளவின் உள்விளிம்புகளை அளவுக்கு மீறி உருட்டிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்: மணியின் நடுவில் பள்ளம் விழுந்து, மை தாளை எட்டாமல் உள்ளேயே நிற்கிறது. இப்படிப்பட்ட நிப்கள் மிக வழவழப்பாக இருக்கும் என்பதுதான் சிக்கல். வழவழப்பில் மயங்கி வாங்கி, ஒவ்வொரு சொல்லின் முதல் கோட்டையும் இரண்டு முறை எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

பக்கத்தில் நின்ற வழக்கறிஞர் ஒருவர் கறுப்பு எபொனைட்டில் பெரிய நிப் கேட்டுக்கொண்டிருந்தார். "கையெழுத்துக்கு மட்டும்தான் சார். நாள் பூரா மூடிதான் இருக்கும், திறந்தா உடனே எழுதணும்" என்றார். அவருக்குப் பார்க்க வேண்டியது மூடியின் உட்புறம். நிப் இருக்கும் அறை சின்னதாக, காற்றுப் புகாமல் மூடினால் பேனா நாள்கணக்கில் காயாமல் இருக்கும். கிளிப் மூடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் வகையில் இருந்தால் அந்த வழியாக மை காயும். மூடி மூட எத்தனை சுற்று என்பதும் அவருக்கு முக்கியம். ஒன்றரைச் சுற்றுக்குள் முடியும் பன்முக மரை கேட்கலாம், நாலு சுற்று மூடியோடு நாளுக்கு நாற்பது கையெழுத்துப் போட முடியாது.

விலை பற்றி: உள்நாட்டு எஃகு நிப் போட்ட கைக்கடைசல் எபொனைட் பேனா ஆயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. ஜெர்மன் நிப்பும், மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சிறு குழாயான கன்வெர்ட்டரும் சேர்ந்தால் மூவாயிரம், நாலாயிரம் என்று ஏறும். அந்தக் கூடுதல் பணம் போவது நிப்புக்குத்தான், கடைசல் அதே கைகளின் வேலை. நிப்பைச் சீர்செய்யத் தெரிந்தவர்கள் முதல் வகையிலேயே ஆனந்தமாக இருக்கலாம். நேரமில்லாதவர்கள் இரண்டாவதுக்குப் போகட்டும்.

மாலையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். தட்டு எழுபது ரூபாய், வாழைத்தண்டு சூப் தனி. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கடல்காற்று வீசியதும் சட்டைக் காலர் நனைந்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

மே 17, புதன் – திருவள்ளூர்

புறநகர் மின்ரயிலில் கூட்டம் ஆவடியோடு கரைந்துவிடுகிறது. திருவள்ளூரில் இறங்கிய பலரும் வீரராகவர் கோயில் பக்கம் போனார்கள். பேனா தேடுகிறவர்களுக்கு இது ரங்கா பேனாக்களின் ஊர். இங்கே கடைந்த எபொனைட் உலகெங்கும் போகிறது.

கடைசல் பட்டறை என்றால் பெரிய கூடமாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு லேத், ஒரு பஃபிங் மோட்டார், சுவரோரம் தடித்தடியாக எபொனைட் கம்பிகள், இவ்வளவுதான். வாசலிலேயே கந்தக வாசனை மூக்கில் ஏறும். இயற்கை ரப்பரோடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் கிடைக்கும் கெட்டிப் பொருள்தான் எபொனைட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. பேனாவுக்கு இது இன்றும் நிலைக்கக் காரணங்கள் உண்டு: மை இதை அரிப்பதில்லை, மரை கூர்மையாக வெட்டப்படுகிறது, கையில் பிடித்தால் சில்லென்று இல்லாமல் விரலின் சூட்டை உடனே ஏற்கிறது. நாக்கட்டைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை என்பதே என் தீர்மானம். பிளாஸ்டிக்கின் மேல் மை முத்து முத்தாக நிற்கும். எபொனைட்டில் பரவிப் படியும்.

கம்பியை நீளத்துக்கு அறுத்து, நடுவில் சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிய துரப்பணத்துக்குப் போகிறார்கள். ஒரேயடியாகப் பெரிய துரப்பணத்தை விட்டால் சூடேறி எபொனைட் இளகும், துளை கோணலாகும். மை நேராகக் குழலில் ஊற்றும் பேனாவுக்குச் சுவரின் கனம் ஒன்றரை மி.மீ.க்குக் குறையக் கூடாது. வெட்டும் உளியை அடிக்கடி சாணை பிடித்தபடியே இருந்தார் கடைசல்காரர். மழுங்கிய உளி எபொனைட்டை வெட்டாது, உரசும். உரசினால் சூடு, சூட்டில் மேற்பரப்பு கருகிப் பழுப்படிக்கும். சரியாக வெட்டும்போது நீளநீளமாக நாடாபோல் சுருண்டு விழுகிறது.

கழுத்துக்கும் குழலுக்கும் இடையிலான மரைதான் ஆளைத் தெரிந்துகொள்ளும் இடம். மை ஊற்றும் பேனாவில் கசிவைத் தடுப்பது அது ஒன்றே. வாங்கும்போது மையோ கிரீஸோ இல்லாமல் கழுத்தை முழுக்கத் திருகிவிட்டுப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளிகூட ஆடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் சிலிக்கோன் கிரீஸை மரையில் ஒரு சுற்றுக்குத் தடவினால் போதும். அப்பித் தடவினால் உள்ளே பிதுங்கி மையில் கலந்து நாக்கட்டையை அடைக்கும். வாசலின் வேண்டாம், வெயிலில் உருகி ஓடும்.

பத்தரைக்கு மின்சாரம் போனது. பராமரிப்பு நாளாம், ஐந்து மணிக்குத்தான் வருமாம். லேத் நின்றது, கடைசல்காரர் நிற்கவில்லை. ஏற்கெனவே கடைந்திருந்த குழல் ஒன்றை எடுத்து, வாளித் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் கையிலேயே இழைக்க ஆரம்பித்தார். 400, 800, 1200, 2000 என்று படிகள். ஒவ்வொன்றிலும் முந்தைய கீறல்கள் மறைந்த பிறகுதான் அடுத்தது. ஒரு படியைத் தாண்டினால், கடைசி மெருகில் அந்தக் கீறல் விளக்கு போட்டதுபோல் தெரியும். வீட்டம்மா மோர் கொண்டுவந்தார். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர். "வெயில்ல வந்திருக்கீங்க, இன்னொரு டம்ளர் குடிங்க தம்பி" என்று கேட்காமலேயே ஊற்றினார்.

சொல்லிச் செய்யும் பேனாவுக்குக் கடைசல்காரரிடம் 'நல்லா பண்ணிக் குடுங்க' என்பதில் பயனில்லை. அளவு சொல்ல வேண்டும். மூடிய நீளம், கழுத்தின் விட்டம், கழுத்து நேரானதா நடுவில் குழிந்ததா, கிளிப் வேண்டுமா, மை ஊற்றுவதா கன்வெர்ட்டரா, நிப் 35 மி.மீ.யா 40 மி.மீ.யா. கையில் ஏற்கெனவே பிடித்தமான பேனா இருந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டுவது எல்லாவற்றையும் விடச் சுலபம். வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்வார்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு எபொனைட் ஜன்னல் வெயிலிலும் ஈரத்திலும் நாளடைவில் பழுப்பு, பிறகு ஆலிவ் பச்சை என்று மாறும். சேகரிப்பாளர்கள் கண்ணாடி அலமாரியில் வெளிச்சம் பட அடுக்குவது பார்க்க அழகு, பேனாவுக்குக் கேடு. மூடிய பெட்டி, உலர்ந்த இடம். வெள்ளிப் பொருள்களை அதே பெட்டியில் வைக்கக் கூடாது, எபொனைட்டிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

மே 18, வியாழன் – ரயிலில்

ரயில் கதை எழுதும் எண்ணமில்லை, ஆனால் இன்றைய நாளே அதுதான். ஓங்கோலுக்கு முன்னால் ஏதோ ஒரு சின்ன நிலையத்துக்கு வெளியே வண்டி நின்றது, இரண்டரை மணி நேரம் நகரவில்லை. முன்னால் போன சரக்கு ரயிலில் கோளாறாம். பிற்பகல் ஒன்றரை மணி. மின்விசிறி சுடுகாற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

எதிர் இருக்கைப் பெண்மணி ஏதோ படிவம் நிரப்பப் பேனா கேட்டார். மை ஊற்றும் பெரிய எபொனைட் பேனா. குழலில் மூன்றில் ஒரு பங்கு மைதான் இருந்தது. இரண்டு வரி எழுதியதும் பொத்தென்று ஒரு சொட்டு படிவத்தில் விழுந்தது. அவர் கோபப்படவில்லை. "பர்வாலேது" என்று சிரித்து, கைக்குட்டை நுனியால் ஒற்றியெடுத்து, மீதியை எழுதி முடித்தார். பிறகு நெல்லூரில் வாங்கிய மாம்பழத்தில் ஒரு துண்டு நீட்டினார்.

பேனா கக்கியது கசிவால் அல்ல, கணக்கால். மை குறையும்போது அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. பேனா சூடானால் காற்று விரியும், விரிந்த அளவுக்கு மையை வெளியே தள்ளும். குழல் மூன்றரை மில்லி என்றால் உள்ளே இருந்த காற்று சுமார் 2.3 மில்லி. பையின் நிழலில் 32 பாகையில் இருந்த பேனா, கையும் அனலும் சேர்ந்து 42-க்குப் போனால் காற்று நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் விரியும். அதாவது 0.075 மில்லி, ஒன்றரைச் சொட்டு. நாக்கட்டையின் அடியிலுள்ள செதில்கள் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். பழைய பாணி எபொனைட் நாக்கட்டைகளில் செதில் குறைவு அல்லது இல்லவே இல்லை. அதே பேனா நிறைந்திருந்தால் உள்ளே காற்று 0.3 மில்லிதான், விரிவது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

ஆகவே கோடையில் மை ஊற்றும் பேனா வைத்திருப்பவர்களுக்கு வழி எளிது: பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே இருங்கள். சட்டைப் பையில் நிப் மேலே பார்க்கட்டும். மூடியைத் திறக்கும்போதும் நிப்பை மேலே வைத்துத் திறந்து, ஒரு மூச்சு பொறுத்து எழுதுங்கள்; விரிந்த காற்று மையைத் தொடாமல் வெளியேறிவிடும். கன்வெர்ட்டர் பேனாவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மை மொத்தமே ஒரு மில்லிக்குள், அதைச் சுற்றிக் குழலின் காற்று ஓர் உறையாக நின்று சூட்டைத் தடுக்கிறது. இருந்தாலும் மூன்றரை மில்லியை ஒருமுறை ஊற்றிவிட்டுப் பல நாள் எழுதும் சுகம் கன்வெர்ட்டரில் வராது.

விஜயவாடாவில் இட்லிப் பொட்டலம் ஐம்பது ரூபாய். கூட வந்த காரப்பொடிக்கு நெய் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

மே 19, வெள்ளி – ராஜமுந்திரி

நேற்று நள்ளிரவு கொவ்வூர் தாண்டி வண்டி பாலத்தில் ஏறியதும் பெட்டியில் தூங்கியவர்கள்கூட எழுந்து ஜன்னல் வழியே காசு வீசினார்கள். கோதாவரிக்கு வணக்கம். பகலில் பார்த்தால் பக்கத்திலேயே 1900-இல் திறந்து 1997-இல் ஓய்வுபெற்ற ஹேவ்லாக் பாலம் நிற்கிறது.

ஊரின் பெயர் 2015-இல் ராஜமகேந்திரவரம் ஆனது. பேனாக்காரர்கள் வாயில் இன்னும் ராஜமுந்திரிதான். சுதேசி இயக்கத்தின் நேரடி விளைவாக இங்கே பிறந்தவை ரத்னம் பேனாக்கள். உள்நாட்டிலேயே ஒரு பேனா செய்ய வேண்டும் என்ற காந்தியின் தூண்டுதலை ஏற்று கே.வி. ரத்னம் உருவாக்கிய பேனா, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியிடம் போனது. 1935 ஜூலையில் காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்பது அதன் சாரம். குமரப்பா தஞ்சாவூர்க்காரர் என்பதால் தமிழ்நாட்டுக்கும் இந்தப் பேனாவில் ஒரு பங்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். கைடர் பேனாக்களுக்கும் இதே ஊர்தான்.

காலையில் பெசரட்டு உப்புமா, எழுபது ரூபாய். பச்சைப்பயறு தோசைக்குள் உப்புமாவைப் பொதிந்து, இஞ்சிச் சட்னியோடு. பத்து மணிக்கே தெரு காலி. இந்த வெயிலில் யாரும் யாரையும் வாசலில் நிற்கவைப்பதில்லை. "ராண்டி, கூர்ச்சோண்டி" என்று முதலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் என்ன வேண்டும் என்கிறார்கள்.

ஒரு சிறு பட்டறையில் நிப் உட்காரவைக்கும் வேலையை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. பயணத்தின் ஆகச் சிறந்த அரைமணி நேரம் இது. நிப்பையும் நாக்கட்டையையும் சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பார்க்கிறார். இடையில் ஒளி தெரிந்தால் படியவில்லை. கொதித்து இறக்கிய தண்ணீரில் நாக்கட்டையின் முன்பாதியை இருபது, முப்பது விநாடி முக்கி எடுத்து, நிப்பை மேலே வைத்துத் துணியோடு கட்டைவிரலால் அழுத்துகிறார். சூட்டில் எபொனைட் இளகி நிப்பின் வளைவை ஏற்கிறது. ஆறும் வரை விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பழைய வடிவத்துக்கே திரும்பும். பிறகு ஒரு மெல்லிய காகிதத் துண்டை இடையில் செருகிப் பார்க்கிறார். நுழையவில்லை என்றால் வேலை முடிந்தது.

இதை வீட்டிலும் செய்யலாம், இரண்டு கவனத்தோடு. கழுத்தைச் சுடுநீரில் இறக்கக் கூடாது, மெருகு மங்கிவிடும். நாக்கட்டை எபொனைட்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிளாஸ்டிக் நாக்கட்டை இப்படிப் படியாது, கோணிக்கொள்ளும். எபொனைட்டைத் துணியில் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் கந்தகம் மணக்கும்.

நிப்பை எவ்வளவு உள்ளே தள்ளுவது என்பதிலும் மை வரத்து இருக்கிறது. நாக்கட்டையின் முனை நிப் நுனியை நெருங்கினால் மை கூடும், விலகினால் குறையும். அரை மில்லிமீட்டரே வித்தியாசம் காட்டும். நுனியையும் துளையையும் இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளியைத் தாண்டி நாக்கட்டை கொஞ்சம் முன்னால் நிற்பது நல்ல தொடக்கம். கிடுக்கியால் இழுக்காதீர்கள், ரப்பர்த் துண்டால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

மெயின் ரோட்டில் ரோஸ் மில்க். கோவாவும் கட்டிப் பாலாடையும் மிதக்க, கண்ணாடி டம்ளரில் முப்பது ரூபாய். இரண்டு குடித்தும் போதவில்லை.

மே 20, சனி – ராஜமுந்திரி

காலையில் தவளேஸ்வரம் வரை ஆட்டோ. 1852-இல் ஆர்தர் காட்டன் கட்டி முடித்த அணையால் செழித்த மண். இன்றும் வீட்டுச் சுவர்களில் காட்டன் துரை படம் மாட்டியிருக்கிறது. நுங்கு பத்து ரூபாய்க்கு மூன்று. அதற்கு மேல் வெளியே நிற்க முடியவில்லை, அறையில் மின்விசிறிக்கு அடியில் புதுப் பேனாக்களைக் கழுவும் வேலை.

புதுப் பேனாவைக் கழுவாமல் மை ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். கடைசல் எண்ணெயும் மெருகு மெழுகும் உள்ளே இருக்கும். எண்ணெய் பட்ட நாக்கட்டையில் மை நகராது. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு, பத்து நிமிட ஊறல், பிறகு வெறும் தண்ணீரில் நுரை போகும் வரை அலசல். நாக்கட்டையைப் படியவைக்கும் வேலையைத் தவிர வெந்நீர் எபொனைட் பக்கமே வரக் கூடாது, ஸ்பிரிட் எப்போதுமே கூடாது. நிப்பை மெல்லிய துணியில் ஒற்றி, இரவு முழுக்க உலரவிட வேண்டும்.

கழுவிய பிறகும் கீறினால் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் நுனியை நேர் எதிராகப் பாருங்கள். பிளவின் இருபுறமும் உள்ள இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஒன்று சற்றே தாழ்ந்திருக்கும்; கீறலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தாழ்ந்த பல்லை நகத்தால் மெதுவாக மேலே அழுத்தி, மறுபடி பார்த்து, மறுபடி அழுத்த வேண்டும். மெருகுத்தாளை எடுப்பது எல்லாம் சரியான பிறகும் கீறினால் மட்டும். 12000 மைக்ரோமெஷில் எழுதும் கோணத்திலேயே, அழுத்தாமல், ஐந்தாறு சுழி போட்டுவிட்டுத் தாளில் சோதியுங்கள். தேய்த்த மணி திரும்பி வராது. பிளவு இறுகியிருந்தால் 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டைத் துளைப் பக்கமிருந்து நுனி நோக்கி இழுத்து எடுத்தால் மை வழி திறக்கும்.

மைக்கு வருவோம். புதுப் பேனாவுக்கு முதல் மை சாதாரண ராயல் ப்ளூ. பிரில், கேமல் எதுவானாலும் சரி, சுலபமாகக் கழுவிவிடலாம், பேனாவின் இயல்பு தெரிந்துவிடும். மினுக்குத் துகள் கலந்த மைகள் குறுகிய எபொனைட் நாக்கட்டைகளில் படிந்து அடைக்கும். இரும்புக் கலவை மைகள் அழியாத எழுத்தைத் தரும். ஆனால் அமிலத்தன்மை உள்ளவை, பேனாவில் காயவிட்டால் எஃகு நிப்பை அரிக்கும். தினமும் எழுதும் பேனாவில் மட்டும் ஊற்றி, மாதம் ஒருமுறை கழுவுங்கள். தாளுக்கு வெளிநாட்டு நோட்டுப்புத்தகம் தேட வேண்டியதில்லை. கரும்புச் சக்கையிலிருந்து டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) செய்யும் நகல்தாளிலேயே மிதமான மை வரத்து உள்ள பேனா மரியாதையாக எழுதுகிறது. மழைக்காலத்தில் மட்டும் கட்டைப் பிரித்துப் போடாதீர்கள், ஈரம் ஏறிய தாளில் மை வேர்விட்டுப் பரவும்.

ஊருக்குக் கிளம்பும் முன் மாலையில் பேனாக் கடைத்தெருவுக்கு இன்னொரு நடை, பெயர் பொறிக்க. இடையில் ஆத்ரேயபுரத்துப் பூத்தரேக்குலு ஒரு பெட்டி. தாள்போன்ற அரிசிப் படலத்தில் நெய்யும் வெல்லமும் மடித்தது, கையில் எடுத்ததுமே நொறுங்குகிறது. தமிழில் பெயர் பொறிக்க விரும்பினால் வாயால் சொல்லாமல், அச்செழுத்துப்போல் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுத்தின் உயரம் 4 மி.மீ.யாவது இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, புள்ளி கீறல்போல் ஆகிவிடும். குழலின் மையப்பகுதியில் பொறிப்பது நல்லது. மூடி மரைக்குப் பக்கத்தில் விரல் பட்டுப் பட்டு, நிரப்பிய வெள்ளைச் சாயம் உதிரும். பொறித்ததைத் திருத்த வேண்டுமென்றால் அந்த இடத்தையே மறுபடி கடைந்து இழைக்க வேண்டியிருக்கும், குழலின் விட்டமும் சுவரின் கனமும் அந்த அளவுக்குக் குறையும். மை ஊற்றும் பேனாவில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.